பலமனேர் மேட்டுநில வேளாண்மை

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், மொகிலி மலைப்பாதை ஏறியதும் சுமார் 680 மீட்டர் உயரத்தில் விரியும் பலமனேர் வட்டாரத்தின் பயிர்த்தொழில். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வட்டாரம் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. பாலாற்றின் துணையாறான கௌண்டின்யா மழைக்காலத்தில் மட்டுமே பெருகுவதால் உழவர் அதை நம்பியிருக்க முடியவில்லை. ஏரியின் கீழ் நெல், மாடு பூட்டிக் கவலை கட்டி இறைத்த கிணற்று நீரில் தோட்டப்பயிர், மேட்டில் மானாவாரிக் கேழ்வரகு என்று நிலத்தைப் பிரித்துக்கொண்டனர். ஒன்று பொய்த்தால் மற்றொன்று சோறு போடும் இந்த ஏற்பாடுதான் இங்குள்ள மரபின் உயிர்நாடி. கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்தாலே இது விளங்கும். சில சாலுக்கு ஒரு சால் மொச்சை விடுவார்கள். கேழ்வரகை அறுத்த பிறகும் மொச்சை நிற்கும். பகற்பொழுது சுருங்கச் சுருங்கப் பூத்து, பனியை மட்டும் குடித்துத் தை வரை காய்க்கும். கேழ்வரகுக் கதிரின் தானியம் பூச்சி விழாமல் ஆண்டுக்கணக்கில் குதிரில் இருக்கும், தாள் மாட்டுக்குப் போகும்.

நிலக்கடலை, மல்பெரி, தக்காளி ஆகியவை வந்தபின் மரபு அழிந்துவிட்டது என்பார் உண்டு. பயிரை வைத்து மரபை அளந்தால் கேழ்வரகையும் தள்ளவேண்டிவரும்; அதுவும் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிராயினும் மானாவாரி வரிசையில் எளிதாக இடம் பிடித்தது. ஆனால் ஆழ்துளைக் கிணறு மரபை முறித்தது என்ற மறுப்பை அப்படித் தள்ளிவிட முடியாது. ஏரிநீர் பொதுச்சொத்து. ஊரார் அமர்த்திய நீர்கட்டி மதகு திறந்து முறைவைத்துப் பாய்ச்சினார். வறட்சியிலும் பங்கு சுருங்கியதே தவிர ஒருவர் பங்கை மற்றவர் எடுக்கவில்லை. (கடைமடைக்காரர் இதை முழுதாக ஒப்பமாட்டார்.) ஆழ்துளைக் கிணறோ பாறை இடுக்கில் தேங்கிய நீரைத் தனியார் பம்புக்குக் கொடுத்தது, ஆழமாகத் துளைத்தவர் பக்கத்துக் கிணற்றையும் வற்றவைத்தார். கடன் வாங்கி அந்த நீரில் விளைவிக்கும் தக்காளி, மதனப்பள்ளி மண்டியில் விலை சரிந்தால் கூடைக் கூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டப்படுகிறது. காட்டுப் பக்கமிருந்தும் இழப்பு வந்தது. 1980களில் தமிழக எல்லையிலிருந்து வந்து தங்கிய யானைகளுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. காட்டோரக் கொல்லைகளுக்கு யானைகளின் வரவு புதிய இழப்பு.

எனினும் பழைய கணக்கு முற்றிலும் ஒழியவில்லை. தக்காளி கைவிட்ட மாதத்தில் வீட்டுச் செலவைப் பால்பணம் தாங்குகிறது. அண்டையூரின் பெயர் பெற்ற குட்டை இனமான புங்கனூர் மாடு குறைந்த தீவனத்தில் பிழைக்கும், கொழுப்பு மிகுந்த பால் தரும். ஆனால் அளவு குறைவென்று உழவர் கலப்பினத்துக்கு மாறினர். அருகிப்போன அந்த இனத்தைப் பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் காத்துவருகிறது.