கோடைக்கு எட்டுப் பாட்டு, கூடவே கொஞ்சம் கணக்கு

டெல்லியில் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு மேல் தெருவில் நாய்கூடத் தென்படாது. 'லூ' என்கிற அனல்காற்று ராஜஸ்தான் பக்கமிருந்து கிளம்பி வந்து ஜன்னலைத் தட்டும். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. வேலூர்க்காரர்களே வாயடைத்துப் போகிற வெயில் மக்களே! இந்த மாதிரி மதியத்தில் கச்சேரி கேட்டால் தூக்கம் வருகிறது, செய்தி கேட்டால் கோபம் வருகிறது. ஸோல், ஃபங்க், ராக் என்று பழைய சரக்கு ஏதாவது போட்டால்தான் உடம்புக்கும் மனசுக்கும் ஒத்துப் போகிறது. திரையைப் போட்டு இருட்டாக்கிக்கொண்டு, ஒரு டம்ளர் மோரோடு உட்கார்ந்து கேட்க எட்டுப் பாட்டு சொல்கிறேன்.

பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு வெளியே வந்து காதலையும் கஷ்டத்தையும் பாடினால் ஸோல். அதிலேயே மெட்டைப் பின்னால் தள்ளிவிட்டு டிரம்ஸும் பேஸ் கிடாரும் முன்னால் வந்தால் ஃபங்க். ராக் எல்லோருக்கும் தெரியும்.

நிற்க. நான் பி.காம். படித்தவன், பிழைப்பு வங்கியில். ராகம் பிரித்து எழுதுவதெல்லாம் நமக்கு வராது. ஒரு பாட்டு பிடித்துவிட்டால் என் மண்டையில் உடனே வருவது இரண்டு கேள்விகள். இதுக்கு யார் காசு போட்டாங்க? இப்போ இது யார் பேர்ல இருக்கு? தொழில் புத்தி, என்ன செய்ய! ஆனால் இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே போனால் பாட்டின் சரித்திரமே வெளியே வந்துவிடுகிறது.

1. க்ரீன் ஆனியன்ஸ் (1962)

புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவின் பாட்டு. பாட்டு என்றாலும் வார்த்தையே கிடையாது, ஆர்கனும் கிடாரும்தான். ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது 17 வயது. இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர் சேர்ந்த குழு. நிறவெறி தலைவிரித்தாடிய மெம்ஃபிஸ் நகரத்தில் 1962இல் இது சாதாரண விஷயம் இல்லை.

இதை வெளியிட்ட ஸ்டாக்ஸ் கம்பெனியை நடத்திய ஜிம் ஸ்டீவர்ட்டும் அவர் அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் யார் தெரியுமோ? இரண்டு பேருமே வங்கி ஊழியர்கள்! 1958இல் எஸ்டெல் தன் வீட்டை மறு அடமானம் வைத்து 2,500 டாலர் புரட்டித்தான் ஒலிப்பதிவு மெஷின் வாங்கினார். மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்குப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார்கள். வாசலில் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டார். கடைக்கு வரும் பசங்க எதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள் என்று பார்த்து உள்ளே போய்ச் சொல்வார். இதைவிட நல்ல மார்க்கெட் சர்வே உண்டா? நம்ம இனம் ஆச்சே என்று எனக்கு ஒரே பெருமை :-)

2. டாக் ஆஃப் தி பே (1968)

ஓடிஸ் ரெடிங் பாடியது. பாடி முடித்த சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் போய்விட்டார். வயது 26. அடுத்த மாதம் பாட்டு வெளிவந்து அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அந்த ஊர்ப் பட்டியலில் பாடகர் மறைந்தபின் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இதுதான். கடைசியில் வரும் சீட்டியைக் கேளுங்கள். வெயில் கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கும்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டாக்ஸ் தட்டுகளை நாடு முழுக்க விநியோகித்தது அட்லாண்டிக் கம்பெனி. ஆரம்பத்தில் வாய்ப்பேச்சு, பிறகு 1965இல் எழுத்தில் ஒப்பந்தம். அட்லாண்டிக் கைமாறியபோது அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், அவர்கள் விநியோகித்த ஸ்டாக்ஸ் பாட்டுகளின் மூலப் பதிவெல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று எழுதியிருக்கிறது. ஓடிஸின் பாட்டுகளும் அதில் போயின. ஜிம் ஸ்டீவர்ட் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அதுவும் ஒரு வங்கிக்காரர்! 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவால்.

சரி, மெம்ஃபிஸை விட்டு நம்ம ஊருக்கு வருவோம். இங்கே அதே ஆண்டுகளில் காசு போட்டவர்கள் வேறு மாதிரி ஆட்கள்.

3. அவளுக்கென்ன (1964)

'சர்வர் சுந்தரம்' படம். வாலியின் வரிகள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். - எல்.ஆர். ஈஸ்வரி குரல். பாங்கோஸ் உருட்டலும் பித்தளை வாத்தியங்களும் லத்தீன் அமெரிக்காவைக் கோடம்பாக்கத்தில் இறக்கிவிடும். இதை ஏன் ஸோல் பட்டியலில் வைக்கிறாய் என்று கேட்பீர்கள். ஈஸ்வரி அம்மா குரலில் இருக்கிற அந்தத் துள்ளலுக்கும் துணிச்சலுக்கும் வேறு பேர் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாட்டைக் காதால் மட்டும் கேட்காமல் கண்ணாலும் பாருங்கள். பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதையே காட்டுவார்கள். எம்.எஸ்.வி. நிற்கிறார், டி.எம்.எஸ். பாடுகிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். மேற்கத்திய இசையைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டு போனவர்கள் இவர்கள்தான். வாசிப்புக்குக் கூலி, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு. முகம் படத்தில் இருக்கிறது, பெயர் எங்கேயும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

4. லவ் இஸ் பியூட்டிஃபுல் (1975)

'மேல்நாட்டு மருமகள்' படத்தில் உஷா உதுப் பாடியது. இசை யார் என்றால் நம்ம குன்னக்குடி வைத்தியநாதன்! நெற்றி நிறைய விபூதியோடு வயலின் வாசித்த அதே குன்னக்குடிதான்.

உஷா 1947இல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். குரல் கட்டையாக இருக்கிறது என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே அனுப்பிவிட்டார்களாம், அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். 1969இல் சென்னை மவுண்ட் ரோடில், சஃபையர் தியேட்டரின் கீழ்த்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அங்கிருந்து கல்கத்தா டிரிங்காஸ். அப்புறம் நம்ம டெல்லி ஓபராய் ஹோட்டல். அங்கே அவர் பாடுவதைக் கேட்ட சினிமாக்காரர்கள் கூப்பிட்டுத்தான் 'பாம்பே டாக்கி' (1970) வாய்ப்பு வந்தது.

ஆக, இவருடைய தொடக்கத்துக்குக் காசு போட்டது ஹோட்டல் சாப்பாட்டு பில். இரவு விடுதியில் பாடும் பெண் என்றால் அந்தக் காலத்தில் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவர் பாட்டு கலாசாரச் சீரழிவு என்று சொல்லி அரசு அரங்குகளில் பாடத் தடை போட, வழக்காடி ஜெயித்தார். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண். ஊர் வாய் மூடிவிட்டது. சின்னப் பசங்களோடு கேட்க வேண்டும் என்றால் 'அஞ்சலி' (1990) படத்தில் ராஜா இசையில் இவர் பாடிய 'வேகம் வேகம்' போடுங்கள்.

5. சிம்லா பீட் தீம்

இதற்குக் காசு போட்டது சிகரெட். இம்பீரியல் டொபாக்கோ, இன்றைய ஐ.டி.சி., 'சிம்லா' என்ற சிகரெட்டை விற்க 1960களின் கடைசியில் அகில இந்திய பீட் இசைப் போட்டி நடத்தியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கல்லூரிப் பசங்க வந்தார்கள். வெளிநாட்டு கிடாருக்குச் சுங்க வரி கட்டி மாளாத காலம். இருப்பதை வைத்து ஒப்பேற்றி வாசித்தார்கள். போட்டி நடந்த இடம் பம்பாய் ஷண்முகானந்தா ஹால். கர்நாடக சங்கீதத்துக்காகத் தமிழர்கள் கட்டிய சபாவில் மின்சார கிடார் அலறியிருக்கிறது!

தேறிய குழுக்களின் பாட்டுகளை 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்று இரண்டு எல்.பி.யாகப் போட்டார்கள். ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், கல்கத்தாவின் கிரேட் பேர் எல்லாம் அதில் உண்டு. விளம்பரச் செலவு நின்றதும் போட்டியும் நின்றது. குழுக்களும் கலைந்தன. கம்பெனிக்கு அது விளம்பரக் கணக்கில் ஒரு வரி. இன்றைக்கு அந்தத் தட்டுகளுக்கு வெளிநாட்டில் மறுபதிப்பே வந்துவிட்டது.

6. டான்சிங் ட்ரம்ஸ் (1975)

உதய சங்கரின் மகன், ரவிசங்கரின் அண்ணன் மகன் ஆனந்த சங்கர். சித்தாரையும் மூக் சிந்தசைசரையும் ஒரே பாயில் உட்கார வைத்தவர். வெளிவந்தபோது இங்கே பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. இருபது வருஷம் கழித்து லண்டன் டி.ஜே.க்கள் தூசி தட்டி எடுத்து ஆடவைத்தார்கள். 1998இல் இங்கிலாந்து மேடைகளில் இளைஞர்களோடு வாசித்தார். 1999இல் காலமானார். நல்லவேளை, கைத்தட்டலைக் காதால் கேட்டுவிட்டுத்தான் போனார்.

7. உனக்கும் எனக்கும் (1985)

ரஜினியின் நூறாவது படம் 'ஸ்ரீ ராகவேந்திரர்'. முழு பக்திப் படம். அதில் மகான் ஆவதற்கு முந்தைய கட்டத்தில் வருகிற ஆட்டப் பாட்டு இது, இசை இளையராஜா. 2003இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 'எலிஃபங்க்' என்று ஒரு ஆல்பம் போட்டது. அதில் 'தி எலிஃபங்க் தீம்' என்ற பாட்டில் இந்த ராகவேந்திரர் பாட்டின் துண்டு வருகிறது! மெம்ஃபிஸ், டெட்ராய்ட் என்று கிளம்பிய ஃபங்க் கோடம்பாக்கம் வந்து, மந்த்ராலயம் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பிப் போன கதை. இரண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி. இப்போ இது யார் பேர்ல இருக்கு?

பதில் இதே டெல்லியில், திலக் மார்க்கில் இருக்கிறது. 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கு, இசையமைப்பாளர்கள் - பாடலாசிரியர்கள் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கும் பட முதலாளிகளுக்கும். சாரம் என்னவென்றால், காசு கொடுத்துப் படத்துக்காகச் செய்யச் சொன்ன இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளர்தான் முதல் சொந்தக்காரர். தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு பின்குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்கு நம் சட்டத்தில் உரிமையே இல்லாமல் இருக்கிறதே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று. எனக்குத் தீர்ப்பைவிட அந்தப் பின்குறிப்புதான் பெரிசு.

நாடாளுமன்றம் கவனித்தது, நிதானமாக. 1994 திருத்தத்தில் பாடகருக்கும் வாசிப்பவருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' வந்தது. 2012 திருத்தத்தில், தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது கிடைக்கும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள சம பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று ஆனது. ஜிம் ஸ்டீவர்ட் மாதிரி படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பங்கு தப்பிக்கும். நல்ல சட்டம்.

ஆனால் அதே 2012 திருத்தத்தில் ஒரு சின்ன விதி உண்டு. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது, சில்லறையானது என்றிருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயரை எங்கேயும் போடுவதில்லை என்றால், ராயல்டி விஷயத்தில் அவர் நிகழ்த்துநரே கிடையாது. இது யார் யாருக்குப் பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். எனக்கு உடனே 'அவளுக்கென்ன' பாட்டில் பாங்கோஸ் வாசித்தவர் முகம்தான் ஞாபகம் வந்தது. ராயல்டி என்று ஒன்று இருக்கட்டும், வாங்குகிற ஆளுக்கு லெட்ஜரில் பெயர் வேண்டாமா? பெயர் இல்லாத கணக்கில் எந்த வங்கியில் பணம் போட முடியும்?

8. கந்தீசா (2000)

இந்தியன் ஓஷன் குழு, டெல்லிக்காரர்கள், 1990இல் தொடங்கியது. கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய அரமேயத் துதியை ராக் ஆக்கிய பாட்டு இது. ஒரு வார்த்தை புரியாது, ஆனால் ஆறாவது நிமிஷம் நீங்களே பாடிக்கொண்டிருப்பீர்கள்.

இவர்கள் ஒத்திகை பார்த்தது கரோல் பாக்கில். ஆமாம், நம்மாட்கள் இட்லி மாவு தேடிப் போகிற அதே கரோல் பாக். குழுவின் பாடகரும் தபேலாக்காரருமான அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் காலமானார். மறு வருஷம் அவர் குரல் இருந்த கடைசிப் பாட்டுகளை '16/330 கஜூர் ரோடு' என்று ஒத்திகை வீட்டு விலாசத்தையே பேராக வைத்து, மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். மேடையில் வாசித்துச் சம்பாதித்துக்கொள்கிறோம், பாட்டு எங்களுடையதாகவே இருக்கட்டும் என்ற முடிவு. சிகரெட் கம்பெனி, ஹோட்டல், பட முதலாளி யாரும் இல்லாமல் கணக்கை நேர் செய்யலாம் என்று இதே ஊரில் செய்து காட்டினார்கள்.

ஆக எட்டு. வரிசை உங்கள் இஷ்டம். ஒரே ஒரு வேண்டுகோள். கேட்கும்போது தட்டு உறையிலோ திரையிலோ வாசித்தவர்கள் பெயர் போட்டிருந்தால் அதையும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். போடவில்லை என்றால், யார் என்று தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் இருபது வயதில் வாசித்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது.