அஞ்சல் செய்யும் பொறியும் அனுமதிப்பத்திரமும்

1914 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஹாட்ஃபோர்ட் நகரில் வாழ்ந்த ஹைரம் பேர்சி மாக்சிம் என்னும் பொறியியலாளர், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்த ஒருவருக்குத் தமது வானொலிக் கருவி மூலம் ஒரு செய்தி அனுப்ப விழைந்தார். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 25 மைல். கருவியோ சட்டம் இடங்கொடுத்த முழு வலுவும் உடையது. ஆயினும் செய்தி போய்ச் சேரவில்லை. அப்போதுதான் இரு நகரங்களுக்கும் நடுவே விண்ட்சர் லொக்ஸ் என்னும் ஊரில் தமக்கு அறிமுகமான வானொலியாளர் ஒருவர் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னார், அவர் வாங்கி அப்பால் அனுப்பினார். மாக்சிமின் தந்தையார் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றவர். மைந்தரோ துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைச் செய்தவர். அவ்விரண்டினும் நற்பயன் மிக்கது இந்த அஞ்சல் எண்ணமே எனலாம். அவ்வாண்டிலேயே அவர் நிறுவிய சங்கத்தின் பெயரிலும் 'அஞ்சல்' என்ற சொல் இடம்பெற்றது: அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம்.

இவர்கள் ஊதியம் கருதாது ஆர்வத்தினாலே வானொலியைப் பயின்றவர்கள். அமெச்சூர் வானொலியாளர் என வழங்கப்படுபவர்கள். 'டைட்டானிக்' கப்பல் மூழ்கிய 1912 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒலிபரப்ப விரும்பும் எவரும் அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றும், தனியார் 200 மீற்றருக்கு மேற்படாத அலைநீளத்திலே 1 கிலோவாற் வலுவுக்குள் அடங்கி நிற்கவேண்டும் என்றும் விதித்தது. எதற்கும் உதவாதவை என்று அக்காலத்து அறிஞர் கருதிய அலைகளையே அச்சட்டம் அவர்களுக்கு ஒதுக்கிற்று. மாக்சிம் அதிகாரிகளை அணுகி, தூரத்து அஞ்சல் நிலையங்கள் சிலவற்றுக்கு அதனினும் நீண்ட அலையில் இயங்கச் சிறப்பு அனுமதி பெற்றார். அஞ்சலுக்கென்று தனியே விண்ணப்பிக்கும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. 1917 பெப்ரவரியில் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்ட செய்தி, கைமாறிக் கைமாறி லொஸ் ஏஞ்சலிஸை அடைந்து, அதற்கு மறுமொழியும் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பியது. இரண்டு மாதத்தில் அமெரிக்கா போரில் இறங்கவே நிலையங்கள் யாவும் மூடப்பட்டன. 1919 இலேதான் மீண்டும் வாய் திறந்தன.

அன்றைய அஞ்சலில் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதன் இருந்தான். செய்தியைக் கேட்டான்; எழுதினான்; தகாதது எனின் அனுப்பாது விட்டான். அனுமதிப்பத்திரம் அவன் பெயரில் இருந்தது, பொறுப்பும் அவனுடையதே.

1950களில் லொஸ் ஏஞ்சலிஸைச் சூழ்ந்த மலைகளில் இந்த மனிதனுடைய இடத்தில் பொறி ஒன்று அமர்ந்தது. ஓர் அலைவரிசையிற் கேட்டதை அக்கணமே வேறோர் அலைவரிசையில் உரத்துச் சொல்வதே அதன் தொழில். 1960களில் வாடகைக் கார்களிலும் பொலிஸ் வண்டிகளிலும் இருந்த பழைய வானொலிக் கருவிகள் மலிவாகக் கைக்கு வந்தபோது இத்தகைய மறுஒலிபரப்பிகள் பெருகின. மலையுச்சியில் ஆளில்லை. தகாத சொல்லொன்று அதன் வழியே பரவினால் விடையிறுக்கவேண்டியவர் எவர்?

இவ்வினாவுக்குச் சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழு 1972 இல் அளித்த விடை கடுமையானது. மறுஒலிபரப்பிக்குத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கெனத் தனி அழைப்புக் குறியும் உண்டு. விண்ணப்பகாரர் வானலை வாங்கியின் உயரம், சூழவுள்ள நிலத்தின் மட்டம், வெளிவிடும் வலு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டவேண்டும். தூரத்திலிருந்து பொறியை நிறுத்தும் வழியையும் வரைபடத்தோடு விளக்கவேண்டும். நியாயமான கேள்விகளே அவை. ஆயினும் ஓய்வு நேரத்தில் உழைப்போர் தலையிலே ஏற்றப்பட்ட சுமை சிறிதன்று. 1970களின் பிற்பகுதியில் இத்தனி அனுமதிமுறை கைவிடப்பட்டது. தகுதிபெற்ற வானொலியாளர் தமது அழைப்புக் குறியின் கீழேயே பொறியை இயக்கலாம் என்றாயிற்று. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதாமற் பங்கிடும் பணியைத் தொண்டர்களாகிய ஒருங்கிணைப்பாளர் மேற்கொண்டனர்.

இதற்குள் கணினி வந்துவிட்டது. வட அயல்நாடாகிய கனடா 1978 இல் இலக்கமுறைத் தொடர்புக்கென, அதாவது டிஜிட்டல் தொடர்புக்கென, அமெச்சூர் அனுமதிப்பத்திரம் ஒன்றையே வகுத்தது. அமெரிக்காவில் 1980 மார்ச் வரை கணினியின் 'அஸ்கி' எழுத்துச் சங்கேதத்தை அமெச்சூர் வானலையில் அனுப்பச் சட்டம் இடந்தரவில்லை. தடை நீங்கிய அவ்வாண்டு டிசம்பரிலே சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அந்நாட்டின் முதலாவது இலக்கமுறை அஞ்சற்பொறி இயங்கத் தொடங்கியது. குரலை மறுஒலிபரப்பும் பொறிக்கு இரண்டு அலைவரிசைகள் வேண்டும். இதற்கு ஒன்றே போதும். செய்தித் துண்டைக் கேட்டு, நினைவில் வைத்து, வழி ஓய்ந்ததும் மீண்டும் சொல்லும். விண்ட்சர் லொக்ஸ் நண்பர் செய்ததும் இதுவே. ஆனால் அவர் செய்தியைப் படித்தார். பொறியின் வழியே செல்வதோ மனிதச் செவிக்கு வெறும் இரைச்சல். 1984 இல் வகுக்கப்பட்ட 'ஏ.எக்ஸ்.25' ஒழுங்கின்படி ஒவ்வொரு துண்டிலும் அனுப்புவோர், பெறுவோர், இடையில் நின்று உதவுவோர் ஆகியோரின் அழைப்புக் குறிகள் பொறிக்கப்பட்டன. பெயர் இருந்தது, பெயருக்குரியவர் செய்தியைப் பார்த்தாரா என்பதுதான் ஐயம்.

1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, அவ்வையம் வழக்காகவே எழுந்தது. போரை எதிர்ப்போர் அழைப்பதற்கென்று கட்டணத் தொலைபேசி எண் ஒன்றைக் கூறும் செய்தி, நிலையத்துக்கு நிலையம் தானாகவே தாவிச் சென்றது. வணிகச் செய்தி அமெச்சூர் வானலையில் ஆகாது என்பது விதி. ஆணைக்குழுவின் அலுவலகம் ஒன்று, செய்தியை எழுதியவரோடு நில்லாமல், அது கடந்து சென்ற நிலையங்களின் உரிமையாளருக்கும் குற்ற அறிவித்தல் அனுப்பியது. அவர்களோ அச்செய்தியைக் கண்ணாலும் கண்டிலர். வீட்டு மூலையில் இரவும் பகலும் இயங்கிய பெட்டிக்காகத் தம் அனுமதிப்பத்திரத்தை இழக்கவேண்டிவருமோ என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. பலர் பொறியை நிறுத்திவிடவும் எண்ணினர்.

நீண்ட வாதத்தின் பின் 1994 இல் விதி திருத்தப்பட்டது. செய்தியை எழுதி அனுப்பியவரே முதற் பொறுப்பாளி. அறியாது அஞ்சல் செய்த நிலையங்கள் விடைகூற வேண்டியதில்லை. ஆனால் செய்தியை முதலில் ஏற்று அப்பால் விடும் நிலையத்துக்கு மட்டும் ஒரு கடமை உண்டு: அனுப்பியவர் இன்னார் என்பதை அது உறுதிசெய்துகொள்ளவேண்டும்; இயலாதெனின் அச்செய்திக்குரிய பொறுப்பைத் தானே ஏற்கவேண்டும்.