வெயிலும் விடுமுறையும்: வளைகுடாவில் கிறிஸ்தவ ஊழியம் நடந்த விதம்

1891 பிப்ரவரியில் மஸ்கட்டில் வந்திறங்கியபோது தாமஸ் வால்பி பிரெஞ்சுக்கு வயது 66. லாகூரின் முதல் பேராயராகப் பத்தாண்டு இருந்து, பதவியைத் துறந்துவிட்டு வந்தவர். கடைத்தெருவில் அமர்ந்து அரபியில் வேதம் வாசித்தார். மே மாதம் உள்நாட்டுக்குப் போகும் எண்ணத்தோடு படகேறி சீப் என்ற கடலோர ஊர் வரை போனார். வெயில் தாக்கி நினைவிழந்தவரை மஸ்கட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மே 14 அன்று உயிர் பிரிந்தது. வந்து முழுதாக நான்கு மாதம்கூட ஆகவில்லை.

வளைகுடா மிஷன் வரலாற்றை மதம் மாறியவர்களின் கணக்காக எழுதினால் அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். அரபு மக்களிடையே மனம் திரும்பியவர்கள் அவ்வளவு குறைவு. யார், எந்த மாதத்தில், எத்தனை நாள் வேலையை விட்டு விலகி இருக்க முடிந்தது என்ற கணக்கைக் கையில் எடுத்தால் கதை வேறு மாதிரி விரிகிறது. அங்கே ஊழியத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இறையியலுக்கு இருந்த பங்கைவிட விடுமுறைக்கு இருந்த பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சு இறந்த அதே ஆண்டில் ஜேம்ஸ் கேன்டைனும் சாமுவேல் சுவேமரும் பாஸ்ராவில் வேலையைத் தொடங்கினார்கள். இருவரும் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் நியூ பிரன்ஸ்விக் இறையியல் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். 1889இல் அங்கே உருவான அரேபிய மிஷன், 1892 இறுதியில் பஹ்ரைனிலும் 1893இல் மஸ்கட்டிலும் கால் ஊன்றியது. அதன்பின் வந்ததெல்லாம் சாவு வரிசை. சாமுவேலின் தம்பி பீட்டர் சுவேமர் மஸ்கட்டில் உடல் கெட்டு 1898இல் நியூயார்க்கில் இறந்தார். அவருக்குப் பின் மஸ்கட்டுக்கு வந்த இளைஞர் ஜார்ஜ் ஸ்டோன் 1899 ஜூனில், பிர்கா என்ற ஊரில் இறந்தார். 1904 ஜூலையில் பஹ்ரைனில் சாமுவேலின் இரண்டு பெண் குழந்தைகள் ஒரு வார இடைவெளியில் வயிற்றுக்கடுப்பில் போனார்கள். மாதங்களைப் பாருங்கள்: மே, ஜூன், ஜூலை.

கோடை விடுமுறை என்பது இவர்களுக்கு உயிர் பிழைக்கும் வழி. எங்கே போவது? அமெரிக்கா வெகுதூரம், பம்பாய்க்கோ பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் தபால் கப்பல்கள் தவறாமல் ஓடின. வளைகுடாத் துறைமுகங்களில் புழங்கியதும் இந்திய ரூபாய்தான். சில நாடுகளில் 1966 வரை ரூபாய் நாணயம் நீடித்தது. ஆகவே பம்பாயில் இறங்கி, ரயில் மாறி மாறி, கொடைக்கானல் ரோடு என்று பின்னாளில் பெயர் பெற்ற அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கு வந்து மலையேறும் வழக்கம் பிறந்தது. மோட்டார் சாலை வருவதற்கு முந்தைய காலத்தில், அடிவாரத்திலிருந்து ஆட்கள் தூக்கும் நாற்காலியிலோ குதிரையிலோ மலையேறினார்கள். தூக்கிய தோள்களின் பெயர் மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொடைக்கானல் அமைந்ததற்கு வெயில் மட்டும் காரணமல்ல. அங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்களே 1845இல் மதுரையிலிருந்து மலையேறிய அமெரிக்க மிஷனரிகள்தான். அரேபிய மிஷனை 1894இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட சீர்திருத்தச் சபைதான் ஆற்காடு மிஷனையும் நடத்திவந்தது. வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களும் பாஸ்ரா, பஹ்ரைன்காரர்களும் ஒரே தாய்ச்சபையின் பிள்ளைகள். மிஷனரிப் பிள்ளைகளுக்காக 1901இல் ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது; காலப்போக்கில் வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதுதான். கோடையில் பெற்றோர் கடல் கடந்து மலைக்கு வந்தார்கள். ஆண்டிறுதி நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் கப்பலேறிப் பாலைவனத்துக்குப் போனார்கள். கிறிஸ்மஸ் என்றால் இந்தக் குடும்பங்களுக்கு முதலில் துறைமுகத்தில் நின்று கப்பலுக்குக் காத்திருப்பதுதான்.

ஏரிக்கரை நடையும் டென்னிஸும் போக, மலை மேல் சீசன் காலத்தில் கூட்டங்களும் மாநாடுகளும் நடந்தன. சபைகளை ஒன்றிணைப்பது பற்றிய பேச்சும் அங்கே உண்டு. பாலைவனத்து மருத்துவரும் ஆற்காட்டு மருத்துவரும் அறிமுகமாகும் இடமாகவும் அது இருந்தது. பின்னாளில் குவைத் மிஷன் மருத்துவமனைக்குப் போன மருத்துவர் லூயிஸ் ஸ்கட்டர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கட்டரின் குடும்பத்தைச் சேர்ந்தவர். குவைத்தில் 1912இல் எலினார் கால்வர்லி பெண்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியதும், 1914இல் ஸ்டான்லி மைல்ரியா காலத்தில் ஆண்கள் மருத்துவமனை எழுந்ததும், ஊழியத்தின் முகமே மருந்துச்சீட்டாக மாறியதைக் காட்டுகின்றன. வைத்தியத்துக்கு வந்தவர்கள் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், மதம் மாறவில்லை. அதைத் தோல்வி என்று மிஷன் தலைமையகம் கவலைப்பட்டிருக்கலாம். நோயாளிகள் அப்படி நினைத்திருக்க நியாயமில்லை.

இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் அபுதாபிப் பகுதிக்கு நிலையான மிஷன் மருத்துவமனை வந்தது மிகத் தாமதமாக. அல் ஐன் பகுதியை அப்போது நிர்வகித்த ஷேக் சாயித்தின் அழைப்பின் பேரில் 1960 நவம்பரில் பாட் கென்னடி, மரியன் கென்னடி என்ற மருத்துவத் தம்பதியர் அல் ஐனுக்கு வந்து ஒயாசிஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இப்போது அதன் பெயர் கனாத் மருத்துவமனை. அடுத்த ஆண்டு மார்ச்சில் அங்கே பிறந்த குழந்தைதான் இன்றைய அமீரக அதிபர் ஷேக் முகமது பின் சாயித்.

1962இல் அபுதாபியிலிருந்து எண்ணெய் ஏற்றுமதி தொடங்கியது. வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகியதோடு மிஷனரியின் இடமும் மாறியது. அரசே மருத்துவமனை கட்டத் தொடங்கியதும் குவைத்தின் மிஷன் மருத்துவமனை 1967இல் மூடப்பட்டது. அதே காலத்தில் கோயில்கள் எழுந்தன: அபுதாபியில் 1965இல் புனித யோசேப்பு கத்தோலிக்க ஆலயம், துபாயில் 1967இல் புனித மரியன்னை ஆலயம், 1970இல் ஆங்கிலிக்கன் பரிசுத்த திரித்துவ ஆலயம். நிலம் தந்தவர்கள் ஆட்சியாளர்கள். நிபந்தனை ஒன்று உண்டு: வளாகத்துக்குள் என்ன மொழியில் வேண்டுமானாலும் ஆராதிக்கலாம், முஸ்லிம்களிடம் மதப்பிரசாரம் செய்யக் கூடாது. வந்து குவிந்தவர்களோ பிலிப்பைன்ஸ்காரர்களும் மலையாளிகளும் கோவாக்காரர்களும், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரியிலிருந்து போன தமிழர்களும். மிஷனரியின் கோடை விடுமுறையால் உருவான பாதையில், எதிர்த்திசையில் ஒரு சபையே நடந்து போயிற்று.

இந்தச் சபையின் நாள்காட்டியை வகுத்தது முதலாளியின் வாராந்தர விடுமுறை. ஞாயிறு வேலை நாள் என்பதால் வெள்ளிக்கிழமையே கர்த்தருடைய நாளாயிற்று. ஒரே வளாகத்தில் ஒரு அறையில் தமிழ், அடுத்த அறையில் மலையாளம், மாடியில் உருது. ஒரு மொழியின் கடைசிப் பாட்டு முடியுமுன் அடுத்த சபை வாசலில் செருப்போடு நிற்கும். கூட்டம் முடிந்ததும் தொழிலாளர் கேம்ப் பஸ் புறப்பட்டுவிடுமே என்ற பதற்றத்தில் ஓட்டம். 2022 ஜனவரியில் அமீரக அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது பல சபைகள் ஞாயிறுக்குத் திரும்பின. ஆயினும் வெள்ளி ஆராதனை அடியோடு போய்விடவில்லை. குவைத்திலும் கத்தாரிலும் இன்றும் வெள்ளிதான் வசதி.

டிசம்பர் வந்தால் இன்னொரு போக்குவரத்து. ஊரில் அரையாண்டு லீவு, வளைகுடாவில் இதமான குளிர். விசிட் விசாவில் பிரசங்கியார்கள் வந்து இறங்குவார்கள். கேரல் ரவுண்ட்ஸ், கன்வென்ஷன், வாட்ச் நைட் என்று வரிசையாக நடக்கும். கிறிஸ்மஸ் அமீரகத்தில் அரசு விடுமுறை அல்ல, ஆகவே இரவு ஆராதனை முடித்து விடிந்ததும் பலர் டியூட்டிக்குப் போவார்கள். வருகைப் பிரசங்கியாருக்கு அது சுற்றுலாவும் சேர்ந்த சீசன். ஆண்டு முழுதும் மருத்துவமனைக்கும் கேம்ப்புக்கும் அலையும் உள்ளூர்ச் சபைக்காரர் சம்பளமின்றி, தம் ஒரே ஓய்வு நாளைக் கொடுத்து ஊழியம் செய்கிறார். ஊழிய வரலாறு எழுதுவோர் முதலாமவரைப் படம் பிடித்துப் போட்டது போதும் என்பது என் கருத்து.

2024இல் அபுதாபியில் அபு முரைக்காவில் தென்னிந்தியத் திருச்சபைக்கு, மலையாளிகளை மிகுதியாகக் கொண்ட சபையாரின் முயற்சியால் சொந்த ஆலயம் திறக்கப்பட்டது; நிலம் அல் ஐனில் பிறந்த அந்த அதிபர் தந்தது. அமீரகத்தில் இப்போது வெயிலுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. மிஷனரிக்குக் கொடைக்கானல் கிடைத்தது, கொத்தனாருக்கு இரண்டரை மணி நேரம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை குவைத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அமீரகத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதப்பட்டது. அந்த நாளை வெளியே கழிக்க எல்லா வீடுகளும் அனுமதிப்பதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை சபைக் கணக்கில் ஆண்களின் தலைகள் மிகுந்தும், வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் தலைகள் குறைந்தும் தெரிவதை வைத்து அவர்களின் பக்தியை அளக்க முடியாது.