தரையைத் தொடும் கார்... கெத்தா, செலவா? லோயரிங் ஸ்பிரிங் மாட்டும் முன் ஒரு நிமிஷம்!

முகூர்த்த நாளில் பெரிய காஞ்சிபுரத்து ராஜ வீதிகளில் கார் ஓட்டியிருக்கீங்களா? பட்டு எடுக்க வந்த வெளியூர் வண்டிகள், ஷேர் ஆட்டோ, நடுவில் திடீர்னு ஒரு மேடு. அந்தக் கூட்டத்தில் தரையோடு தரையாக ஒரு ஹேட்ச்பேக் ஊர்ந்து வந்தால், எல்லார் கண்ணும் அதன் மேல்தான். ‘நம்ம காரையும் இப்படி இறக்கினா என்ன?’னு தோணுதா? முதல்ல இதைப் படிச்சிடுங்க.

லோயரிங் ஸ்பிரிங் என்ன செய்யும்?

கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, உயரம் குறைவான, விறைப்பு அதிகமான ஸ்பிரிங்கை மாட்டுவதுதான் விஷயம். பொதுவாக 25 முதல் 40 மி.மீ. வரை கார் இறங்கும். எடை தரைக்குப் பக்கத்தில் வருவதால், வளைவில் கார் சாய்வது குறையும். ஜெர்மனியின் ஐபாக், ஹெச் அண்டு ஆர் நிறுவனங்கள் இதில் பிரபலம்.

மாட்டுவது எப்படி?

முன்பக்க ஸ்ட்ரட்டைக் கழற்றி, கம்ப்ரஸர் டூலால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்த பிறகுதான் மேல் நட்டைத் திறக்கணும். அமுக்காமல் திறந்தால், ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்து. வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை இது. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லையென்றால் டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேயும். பழைய ஷாக் அப்ஸார்பரும் சீக்கிரம் களைத்துப்போகும்.

‘ஸ்பிரிங்கை வெட்டிக்கலாமா?’

கூடவே கூடாது! வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடம் மாறிவிடலாம். சூடு காட்டி இறக்கினால், எஃகு தன் பலத்தையே இழந்துவிடும்.

நம்ம ரோட்டுக் கணக்கு

2018 ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. 35 மி.மீ. இறக்கினால் மீதி 128. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அகலமாக இருப்பதால் நாலு சக்கரமும் அதன் மேல் ஏறிவிடும், அடி தட்டாது. சிக்கல், தெருவில் ஆளாளுக்குப் போட்ட ஒல்லியான மேடுதான். அதே 10 செ.மீ. உயரம் என்றால் மிச்சம் 28 மி.மீ. மட்டுமே. குடும்பத்தோட நாலு பேர் ஏறினால், அதுவும் இருக்காது!

சட்டம் என்ன சொல்லுது?

கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே கிடைக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றினால், விபத்து க்ளெய்ம் நிராகரிக்கப்படவும் வாய்ப்பு உண்டு. எனவே ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் இரண்டு இடத்திலும் முன்கூட்டியே எழுத்துபூர்வமாகக் கேட்டுடுங்க.

வேறு வழி?

வேகமும் வளைவும்தான் ஆசை என்றால், பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில், முன்பு மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்று அழைக்கப்பட்ட மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் இருக்கு. 1990-ல் திறந்த, 3.7 கி.மீ. நீள டிராக். தாழ்ந்த சஸ்பென்ஷன் பிறந்ததே இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

தினமும் ஆபீஸ், வார இறுதியில் அம்மா, அப்பாவோட கோயில்னு ஓடும் காருக்கு நல்ல டயரும், சரியான காற்றும், ஆரோக்கியமான ஷாக் அப்ஸார்பரும் போதும். கெத்து தானா வரும்!