உல்லம் ஏறிய வழி

வங்கக் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றுக்குள் ஏறிவரும் வெள்ளிநிற மீன் ஒன்றுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். வங்காளியர் இதனை இலிஷ் என்பர். கோதாவரிக் கரையில் இது புலசா. இதன் நெருங்கிய உறவினமாகிய தெருபோக் மலாக்கா நீரிணையில் வாழ்வது. தெருபோக் இளவரசன் குளத்துப் புயூ-புயூ இளவரசியின்மேல் காதல் கொண்ட கதையைச் 'சியாயிர் இக்கான் தெருபோக்' என்னும் மலாய்ச் செய்யுள் நூல் சொல்கிறது. புயூ-புயூ வேறொன்றுமன்று, நம் பனையேறிக் கெண்டைதான்.

புதுவெள்ளம் வரும் நாளில் தமிழ்ச் சிற்றூரார் 'மீன் ஏறுகிறது' என்பர். மரத்தில் ஏறுவதற்கும் மேட்டில் ஏறுவதற்கும் உரிய அதே வினை. மலாய்மொழியிலோ, ஆற்றில் மேல்நோக்கிச் செல்வதற்கு 'மூடிக்' என்றும் கீழ்நோக்கிச் செல்வதற்கு 'ஹீலிர்' என்றும் தனிச்சொற்களே உள. பந்திங் அமைந்த மாவட்டம் கோல லங்காட், அதாவது ஆற்றின் முகவாய். அதே ஆற்றின் தலைப்பக்கம் உலு லங்காட். ஆற்றின் போக்கைக் கொண்டே நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் மீனின் போக்கையும் அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மீன் எதுவரை ஏறும், எங்கே முட்டையிடும், அணை குறுக்கிட்டால் என்ன செய்யும் என்னும் வினாக்களுக்குச் சொல்வழக்கு மட்டும் விடை தாராது. அவ்விடை தேடியே இன்று மீனின் வயிற்றைக் கீறி அலைபரப்பியை உள்ளே வைத்துத் தைக்கின்றனர். இக்கருவியின் வரலாறு பெரிதும் அணைகளின் வரலாறே என்பது நம் கருத்து.

மீனுக்கு அடையாளமிடும் பழக்கம் பழையது. இளஞ்சால்மன்களின் வாலில் நாடா கட்டிவிட்ட செய்தியை 1653இல் ஐசக் வால்டன் எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் பீட்டர்சன் தட்டைமீன்களில் சிறு வில்லைகளைப் பொருத்தினார். 1930களில் அலாஸ்காவில் ஹெர்ரிங் மீன்களின் வயிற்றுக்குள் இரும்புத் துண்டுகளைச் செருகினர். மீன்தூள் ஆலைகளில் மின்காந்தம் வைத்து அவற்றை மீட்டனர். நாம் அறிந்தவரை, அறுவைக்கு வழிகாட்டிய முன்னோடி இதுவே. இந்தியாவில் 1966 முதல் 1969 வரை அயிலைக்கும் மத்திக்கும் அடையாளமிடும் திட்டம் நடந்தது. இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: விட்ட இடமும் பிடிபட்ட இடமும் தெரியும், இடைப்பட்ட வழி தெரியாது.

வழியை அறியவேண்டிய தேவை அமெரிக்கக் கொலம்பியா ஆற்றில் எழுந்தது. 1938இல் அங்கே பானவில் அணை இயங்கத் தொடங்கியது. மீன் ஏறுவதற்குப் படிகளும் கட்டினர். ஆனால் அணையின் அருகே வந்த சால்மன் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று யார் பார்ப்பது? 1956இல் ஒலியெழுப்பும் சிறு கருவிகளைச் சால்மன்களில் பொருத்தி அவற்றைத் தொடர்ந்தனர்.

நாளடைவில் கருவி சிறுத்து உடலுக்குள் புகுந்தது. மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரிலோ வேறு மருந்திலோ இட்டு மயக்குவர். வயிறு மேலே தெரியக் கிடத்தி, செவுள்களின்மேல் இடைவிடாது நீரை ஓடவிடுவர். இடுப்புத் துடுப்புகளுக்கு முன்னே சிறிதளவு கீறி, கருவியை உடற்குழிக்குள் நுழைத்து, இரண்டு மூன்று தையல் இடுவர். தேர்ந்த கைக்கு இது சில நிமிட வேலை. மயக்கம் தெளிந்து தானே நீந்தும்வரை வைத்திருந்து ஆற்றில் விடுவர். கருவியின் எடை மீனின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது நெடுங்காலம் கைக்கொண்ட வரம்பு; ஒரு கிலோ மீனுக்கு 20 கிராம். ஆழமில்லா நன்னீரில் வானொலி அலை போதும். கோல லங்காட்டுக் கழிமுகம் போன்ற உவர்நீரிலோ அவ்வலை செல்லாது. ஒலியலையும் அதனை நீருக்கடியில் கேட்கும் கருவியும் வேண்டும்.

இத்துணைக் கையாளுதலை எல்லா மீனும் தாங்குவதில்லை. உல்லத்தின் செதில் தொட்டால் உதிரும். வலையிலிருந்து எடுத்த சிறிது நேரத்தில் அது இறந்துபோகும். அதன் அமெரிக்க உறவாகிய ஷாட் மீனுக்குக் கருவியை வாய்வழியே இரைப்பைக்குள் செலுத்துகின்றனர். அவ்வாறு செய்தும் விடப்பட்டவற்றுள் பல, ஏறுவதை விட்டுக் கீழ்நோக்கித் திரும்பிவிடுகின்றன. மீன் காட்டுவது தன் வழியையா, தான் பட்ட துன்பத்தையா என்று ஆய்வாளர் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இனிக் காவிரிக்கு வருவோம். 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். சென்னை மாகாணத்தில் படைமருத்துவராய் இருந்த பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கையில், அணைக்கட்டுகள் மீன்களின் ஏற்றத்தைத் தடுப்பதைச் சுட்டினார். பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை அமைந்தபின், கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கை முறையில் பொரிக்கவைக்கும் முயற்சியும் நடந்தது. ஆற்றில் உல்லம் சென்ற வழியைத் தொடரும் கருவி அன்று உலகில் எங்குமில்லை. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அதன்பின் காவிரியில் உல்ல மீன்பிடிப்பு சரிந்தது. மேட்டூர் நீரால் விளைந்த நெல்லை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏறும் மீனைக் கேளாமல் கட்டப்பட்ட அணை அது.

பூட்டானில் வேறு வரிசையைக் காண்கிறோம். நீர்மின் திட்டங்கள் பெருகிவரும் அந்நாட்டில், மானஸ் ஆற்றுத் தொகுதியின் பொன்னிற மகசீர் மீன்களுக்கு அறுவை செய்து வானொலி அலைபரப்பிகளைப் பொருத்தி, அவை பருவந்தோறும் செல்லும் இடங்களைக் குறித்து வருகின்றனர். நம் நாட்டுக் கெலா மீனும் இதே பேரினத்தது.

உல்லத்துக்கோ இன்னும் பழைய முறையே கைகொடுக்கிறது. 1975இல் இயங்கத் தொடங்கிய பராக்கா தடுப்பணை கங்கையில் அதன் வழியை மறித்தது. அண்மை ஆண்டுகளில் பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், வளர்ந்த உல்லங்களை அணைக்கு மேலே கொண்டுசென்று ஆற்றில் விடுகின்றனர். அவற்றுள் சிலவற்றின் உடலில் எண்ணிட்ட அட்டையும் உண்டு. அம்மீன் எதுவரை ஏறிற்று என்பது, மேலே எங்கோ வலைவீசும் மீனவர் ஒருவர் அந்த எண்ணைப் படித்துச் சொன்னால்தான் தெரியும்.