இயக்க ஆற்றலிலிருந்து வேகம் காணல்

ஓடும் பொருளின் இயக்க ஆற்றலும் நிறையும் தெரிந்தால் அதன் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் தொகையில் பாதியே இயக்க ஆற்றல். அதைத் திருப்பிப் போட்டால்:

வேகம் = √(2 × ஆற்றல் ÷ நிறை)

ஆற்றல் ஜூலிலும் நிறை கிலோகிராமிலும் இருந்தால், விடை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். கிராமைக் கிலோகிராமாக்க மறந்தால் கணக்கு கெட்டது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டுத்தறியில் இதை நேரில் பார்க்கலாம். ஊடை நூல் சுற்றிய தாரைச் சுமந்துகொண்டு, பிரிந்து நிற்கும் பாவு இழைகளுக்கு நடுவே நாடா கைக்குக் கை ஓடுகிறது. அதன் நிறை 200 கிராம் என்று கொள்வோம். நெசவாளர் அதை 9 நியூட்டன் விசையுடன் 10 செ.மீ. தள்ளிவிட்டால் செய்த வேலை 0.9 ஜூல். 1.8ஐ 0.2ஆல் வகுக்க 9. அதன் வர்க்கமூலம் 3. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிளம்பும் நாடா 1.2 மீட்டர் அகலத்தை 0.4 விநாடியில் கடக்கும். கீழ்ப்பாவில் உரசுவதால் உண்மையில் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.

இதே நாடா 6 மீட்டர் வேகத்தில் ஓட 3.6 ஜூல் வேண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. நிறையின் பாதிப்போ சொற்பம்: தாரில் 10 கிராம் நூல் தீர்ந்தாலும், அதே தள்ளலுக்கு வேகம் 3.08 மீட்டர்தான். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக நெய்யும் கோர்வையில் மூன்று நாடாக்கள் உண்டு. கரை நாடா போவது சில அங்குலமே. அதை உடல் நாடாவைப் போல வீசினால், எதிர்க்கையில் இருப்பவர் மிஞ்சிய ஆற்றலை எல்லாம் ஏந்தி நிறுத்த வேண்டியிருக்கும்.

நிறையோடு வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்கும் அளவை 1686இல் முன்வைத்தவர் லைப்னிட்ஸ். பின்னர் டச்சு அறிஞர் ஸ்கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டு, வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்காவதைக் கண்டார். அந்தப் ‘பாதி’யை 1829இல் சேர்த்தவர் கொரியோலிஸ்.

இந்தச் சூத்திரம் திசையைச் சொல்லாது. நாடா வலமிருந்து வந்தாலும் இடமிருந்து வந்தாலும் 0.9 ஜூல் 0.9 ஜூல்தான். அடியில் சக்கரம் வைத்த நாடாவானால், ஆற்றலில் ஒரு சிறு பங்கு சக்கரம் சுழலவும் போகும். அதைக் கழித்துவிட்டே வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.