நெருஞ்சி அங்கே, கருவேலம் இங்கே: ஒரு பஞ்சர் வரலாறு

மக்களே, இன்னிக்கு டயர் லைனர் பத்தி ஒரு பதிவு. டயருக்கும் டியூபுக்கும் நடுவுல வைக்கிற பாலியூரித்தேன் பட்டை, அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனா அது ஏன் வந்துச்சுன்னு தேடப்போனா கதை 1845 வரைக்கும் போகுது.

அந்த வருஷம்தான் ராபர்ட் வில்லியம் தாம்சன்னு 23 வயசு ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சைக்கிளுக்கு இல்லீங்க, குதிரை வண்டிக்கு. உள்ளே ரப்பர் பூசின துணிக்குழாய், வெளியே கெட்டியான தோல். அதாவது, முதல் காற்று டயர் பிறக்கும்போதே கவசத்தோடதான் பிறந்திருக்கு! ஆனா அது வியாபாரமா எடுபடலை. ஊரே மறந்துபோச்சு.

1887-ல் பெல்ஃபாஸ்ட்டில் இருந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடிச்சார். அடுத்த வருஷம் காப்புரிமையும் வாங்கினார். தாம்சன் முந்திக்கிட்டது தெரிஞ்சதும் அது செல்லாமப் போனது தனிக்கதை. சைக்கிளுக்குச் சொகுசும் வேகமும் வந்துச்சு, கூடவே பஞ்சரும்.

அப்போ டயரை ரிம்மோட சேர்த்து ஒட்டியிருப்பாங்க. 1889-ல் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரானில் மிஷ்லின் சகோதரர்களோட பட்டறைக்கு அப்படி ஒரு பஞ்சர் வண்டி வந்துச்சு. சரிபண்ண மூணு மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. கடுப்பான அண்ணனும் தம்பியும் 1891-ல் கழட்டி மாட்டுற டயரைக் கொண்டுவந்தாங்க. அதே வருஷம் சார்ல் தெரோன் அந்த டயரோட பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போட்டியில், சுமார் 1200 கி.மீ. தூரத்தில், முதலாவதா வந்தார். 1892-ல் மிஷ்லின் நடத்தின போட்டியில் அவங்களே ரோட்டில் ஆணியைத் தூவிவிட்டாங்க! பஞ்சர் ஆனாலும் சுலபமா ஒட்டிட்டுப் போகலாம்னு காட்டத்தான் :-)

அதாவது ஐரோப்பா சொன்ன பதில்: பஞ்சரைத் தடுக்காதே, சீக்கிரம் ஒட்டு.

அந்தப் பதில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் செல்லுபடியாகலை. காரணம் யார் தெரியுமா? நம்ம நெருஞ்சி! குறளிலேயே வர்ற அதே முள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் தலைகாட்டி, ரயில் பாதை ஓரமாப் பரவிடுச்சு. பேரே ‘பங்ச்சர் வைன்’னு வச்சிட்டாங்க. ஒரு காய் உடைஞ்சா அஞ்சு துண்டு. துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துட்டு நிக்கும். நெருஞ்சி மேல ஏறின டயரில் ஒண்ணு ரெண்டு இல்ல, பத்துப் பதினஞ்சு ஓட்டை. எத்தனைன்னு ஒட்டுவீங்க? 1961-ல் செடியை அழிக்க ரெண்டு வகை வண்டுகளையே இறக்கிவிட்டாங்க. அப்படியும் ஒழியலை. அந்த மாதிரி ஊர்களில்தான் லைனருக்கும், தடிச்ச டியூபுக்கும், ஓட்டையை அடைக்கிற திரவத்துக்கும் மவுசு. தாம்சனோட தோல் கவசம் டயருக்கு உள்ளே திரும்பி வந்த மாதிரிதான்.

இதுல இன்னொரு கூத்து. நெருஞ்சி அங்கே போச்சு, அங்கேயிருந்து சீமைக்கருவேலம் இங்கே வந்துச்சு! விறகுக்காக 1870-களில் சென்னை மாகாணத்துக்கு வந்த மரம், இன்னிக்கு ரோட்டோரம் முழுக்க அதான்.

சரி, ரோடு பைக்குக்கு லைனர் போடலாமா? நான் பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டிருக்கேன். பாரம் அதிகம் விழுறதும், அடிக்கடி பஞ்சராகுறதும் அங்கதான். கவனிக்க வேண்டியது மூணு:

1. டயர் அகலத்துக்கு ஏத்த லைனர் வாங்குங்க. 25 மி.மீ. டயருக்குள்ள அகலப் பட்டையைத் திணிச்சா மடங்கி நிக்கும்.

2. பட்டையோட ரெண்டு முனையும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுற இடம் டியூபை உரசி அதுவே ஓட்டை போடும். முனையை உப்புத்தாளால் தேய்ச்சு மழுங்க விடுங்க.

3. லைனர் காப்பாத்துறது நடுப்பகுதியை மட்டும்தான். பக்கவாட்டில் குத்துறதையும், காத்து கம்மியா இருந்து பள்ளத்தில் டியூப் நசுங்குறதையும் தடுக்காது. நீளமான கருவேல முள் நேரா ஏறினா லைனரும் தோத்துடும்.

விலை? எடை கூடும், டயரோட துள்ளல் குறையும். காத்துக்காகத்தானே டன்லப் அவ்வளவு மெனக்கெட்டார், அதுல கொஞ்சத்தை முள்ளுக்குப் பயந்து விட்டுக்கொடுக்கிறோம். பந்தயம் ஓட்டுறவங்க அதுக்குச் சம்மதிக்க மாட்டாங்க. விடிகாலையில், கடை திறக்காத நேரத்தில், ஊரைவிட்டு 40 கி.மீ. தள்ளித் தனியாப் போற எனக்குச் சம்மதம்.

பழைய டியூபை வெட்டி டயருக்குள்ள வச்சு ஓட்டினவங்க இருந்தா, அந்த அனுபவத்தைப் பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க. நம்ம ஊர் லைனர் அதுதானே!